செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு தவலை

செஞ்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஊருக்குள் நுழைவது வழக்கம். அதற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பக்கம் ராஜகிரி, ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, மற்றொரு பக்கம் சந்திராயன் துர்க்கம், மூன்றையும் இணைத்து ஓடும் மதில் ஆகியவற்றைக் கண்டவருக்குக் கழுத்து வலி ஞாபகத்துக்கு வருமா? 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டனர். அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த ஒன்று செஞ்சி. அதன் பிறகு அண்ணாந்து பார்ப்போர் தொகை இன்னும் பெருகியிருக்கிறது.

நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் போனோம். ஆயினும் இந்த வாரம் எழுத வந்தது மலை உச்சியைப் பற்றியன்று. மலையிலிருந்து இறங்கி, கால் வலியுடன் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது கண்ட ஒரு சிறு காட்சியைப் பற்றித்தான்.

வயது எழுபதுக்குக் குறையாத ஓர் அம்மாள், பேரன் தலையில் ஒரு செப்புத் தவலையை ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். தவலைக்குள் ஒரு சிறு செம்பும் இருந்தது. இரண்டும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. விற்கப்போகும் பாத்திரத்தை இவ்வளவு அக்கறையோடு தேய்த்துக் கொண்டுவருவானேன் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

“தம்பி, இதை நிறுத்துப் பார்த்து என்ன வரும் என்று சொல்லு” என்றார் அம்மாள்.

கடைக்காரர் தவலையை விரலால் சுண்டிப் பார்த்தார். “நல்ல பழைய செம்பு, பெரியம்மா. இந்தக் கனம் இப்போதெல்லாம் வருவதில்லை. இதை ஏன் விற்கிறீர்கள்?”

“விற்க ஆசையா, தம்பி? கிணற்று மோட்டாருக்குப் போகிற கம்பியை முந்தாநாள் இராத்திரி எவனோ வெட்டிக்கொண்டு போய்விட்டான். மல்லாட்டை காய் பிடிக்கிற சமயம். ஒரு தண்ணீர் தப்பினால் அவ்வளவுதான். புதுக் கம்பி வாங்கப் பணம் வேண்டாமா?”

கடைக்காரர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். பிறகு கைபேசியை எடுத்து ஏதோ பார்த்தார். “லண்டனில் விலை ஏறியிருக்கிறது, பெரியம்மா. உங்கள் அதிர்ஷ்டம், நல்ல விலையே கிடைக்கும்” என்றார்.

“என் தாய்வீட்டுச் சீருக்கு லண்டனில் இருந்துகொண்டு விலை வைக்கிறவன் யாரப்பா?” என்று கேட்டார் அம்மாள்.

கடைக்காரர் சிரித்தார், பேரனும் சிரித்தான். நமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், விற்கும் தவலைக்கு ஏறியிருக்கும் அதே லண்டன் விலைதான் அந்த அம்மாள் வாங்கப்போகும் கம்பிக்கும் ஏறியிருக்கிறது. செம்பை விற்றுச் செம்பு வாங்கும் வியாபாரத்தில் அவருக்கு அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? இராத்திரி கம்பியை வெட்டிய திருடனும் லண்டன் விலையை விசாரித்துக்கொண்டுதான் புறப்பட்டிருப்பான் போலும்!

அம்மாளின் கேள்விக்குப் பதில் உண்டு. லண்டன் உலோகச் சந்தை என்று ஒரு ஸ்தாபனம் 1877-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் தென்னமெரிக்காவிலுள்ள சிலி தேசத்திலிருந்து செம்பு ஏற்றிய கப்பல் இங்கிலாந்து வந்து சேர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஆகவே மூன்று மாதம் கழித்து வரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் வழக்கம் அங்கே உண்டாயிற்று. கப்பலின் வேகம் எவ்வளவோ மாறியும் அந்த மூன்று மாதக் கணக்கு மாறவில்லை. 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் அங்கே ஒரு டன் செம்பின் விலை 11,000 டாலரையும் தாண்டியது. சிலியில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தாலும், சீனத்தில் வீடு கட்டுவோர் தொகை குறைந்தாலும், செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு தவலையின் மதிப்பு ஏறும் அல்லது இறங்கும்.

“அப்படியானால் நம் தேசத்துச் செம்பை நாமே எடுத்துக்கொண்டு, லண்டன்காரனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாமே!” என்று நேயர்கள் கேட்கக்கூடும். சுதேசி உணர்ச்சியுள்ள எவருக்கும் தோன்றுகிற கேள்விதான். அதற்கு முதலில் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உலகத்துச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் செம்பு ஏறத்தாழ இரண்டேகால் கோடி டன். அதில் நான்கில் ஒரு பங்கு சுமாருக்குச் சிலி ஒன்றே தருகிறது. நம் பாரத தேசத்துச் சுரங்கங்கள் சமீப வருஷங்களில் தந்துவருவது முப்பதாயிரம் டன்னுக்கும் குறைவு. அதாவது, உலகம் ஆயிரம் குடம் இறைக்கும்போது நாம் இறைப்பது ஒன்று அல்லது ஒன்றேகால் குடம்.

தமிழ்நாட்டின் கதையோ இன்னும் விசித்திரமானது. செஞ்சிக் கோட்டை இருந்த பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே, கள்ளக்குறிச்சிப் பக்கத்து மாமண்டூரில், செம்பும் ஈயமும் துத்தநாகமும் கலந்த கனிமம் இருப்பதைப் புவியியல் ஆய்வுத் துறையார் துளையிட்டுக் கண்டிருக்கிறார்கள். (காஞ்சிபுரத்தருகே பல்லவர் குடைவரைகள் உள்ள மாமண்டூர் வேறு.) ஆனால் பூமிக்குள் உலோகம் இருப்பது வேறு, அதை எடுத்துக் கட்டுபடியாகச் செய்வது வேறு. மாமண்டூர் இதுவரை ஒரு பெரிய சுரங்கமாக வளரவில்லை.

நிற்க. செம்பு இவ்வளவு அரிதான இந்த நாட்டில் நம் முன்னோர் செம்பை எவ்வாறு கையாண்டார்கள் என்று பார்த்தால் வியப்பாயிருக்கிறது. இராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் மட்டும் 31 ஏடுகள் வளையத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளுக்கோ கணக்கே இல்லை. இத்தனை செம்பும் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஆராய்ச்சியாளர் இன்றளவும் விவாதித்து வருகிறார்கள். மாமண்டூர் போன்ற உள்நாட்டுக் கனிமத்தைச் சிலர் சுட்டுகிறார்கள்; ஈழத்தில் திருகோணமலைப் பக்கத்துச் சேருவிலையைச் சிலர் சுட்டுகிறார்கள். கடல் வழி வாணிகத்தைச் சுட்டுவோரும் உண்டு.

சோழர் காலத்தைப் பற்றி விவாதம் இருந்தாலும், செஞ்சி நாயக்கர் காலத்துக்குப் பிறகு கடல் வழியாகச் செம்பு வந்ததில் சந்தேகமே இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் வியாபாரம் தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு டச்சுக் கப்பல்கள் கொண்டுவந்து இறக்கிய சரக்குகளில் முக்கியமான ஒன்று ஜப்பானியச் செம்பு. நாகசாகித் துறைமுகத்தில் சிறு சிறு கோல்களாக வார்த்து, பெட்டிகளில் அடுக்கி அனுப்பப்பட்ட அந்தச் செம்பு, இங்கே பாத்திரமாயிற்று, காசுமாயிற்று. அதற்கு ஈடாக நம் நெசவாளர் நெய்த துணி கப்பல் ஏறிற்று.

1690-ஆம் ஆண்டைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் சிவாஜியின் குமாரரான ராஜாராம் செஞ்சியில் இருந்துகொண்டு மொகலாயப் படையை எதிர்த்துக்கொண்டிருந்தார். யுத்தத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது அந்த ஆண்டில்தான். அதே 1690-இல், கடலுக்கு அப்பால் ஜப்பானில், ஷிக்கோக்குத் தீவின் மலையொன்றில், பெஷ்ஷி என்னுமிடத்தில் ஒரு பெரிய செப்பு இருப்பைக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷமே சுமிதோமோ குடும்பத்தார் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கினர். அந்தச் சுரங்கம் 1973 வரையில் நடந்தது. ஜப்பானின் ஏற்றுமதிச் செம்புக்கு அது ஒரு முக்கியமான ஊற்றாக இருந்தது.

செம்பு கப்பல் கப்பலாக வெளியே போவதைக் கண்டு ஜப்பானிய அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1715-இல் ஒரு சட்டம் செய்து, டச்சுக் கப்பல்கள் ஆண்டுக்கு இரண்டுக்குமேல் வரக்கூடாது, செம்பு இவ்வளவுக்குமேல் வெளியேறக்கூடாது என்று வரையறுத்தார்கள். உலோகம் மண்ணுக்குள் மறுபடி முளைக்காது என்ற உண்மையை உணர்ந்து செய்த காரியம் அது. ஒரு தேசத்தின் செல்வத்தில் செம்பு சேர்ந்தது என்பதை அவர்கள் முந்நூறு வருஷங்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். வடக்கே ராஜபுதனத்தில் கேத்ரி, கிழக்கே சிங்பூம் ஜில்லாவில் காட்சிலா, நடு இந்தியாவில் மலஞ்ச்கண்ட் ஆகிய மூன்றும் நமக்கு வாய்த்த முக்கியமான செப்பு நிலங்கள். கேத்ரி என்றதும் சுவாமி விவேகானந்தரின் ஞாபகம் வராமல் போகாது. சென்னை நண்பர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டியதோடு கேத்ரி மன்னர் அஜித் சிங்கும் உதவியதால்தான் அவர் 1893-இல் சிகாகோவுக்குப் புறப்பட்டார். அந்தப் பகுதியின் செப்புச் சுரங்கங்கள் அக்பர் காலத்திலேயே பேர் பெற்றவை.

காட்சிலாவில் 1924-இல் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி வேலை தொடங்கியது. சுதந்திரம் வந்த பிறகும் பல வருஷம் அது அந்நியர் கம்பெனியாகவே இருந்தது. 1967-இல் சர்க்கார் இந்துஸ்தான் காப்பர் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, 1972-இல் காட்சிலாவைத் தேச உடைமையாக்கினார்கள். மலஞ்ச்கண்ட் சுரங்கம் 1982-இல் தொடங்கியது. கேத்ரியில் பெரிய உருக்காலை ஒன்று கட்டினார்கள். ஆனால் அந்த உலை 2008-இல் அணைந்தது. சொந்தக் கல்லை எடுத்துச் சொந்த உலையில் உருக்கும் செலவு, அயல்நாட்டுச் சரக்கைப் பெருவாரியாக வாங்கி உருக்கும் செலவோடு போட்டியிட இயலவில்லை.

தேச உடைமை ஆக்கிவிட்டால் எல்லாத் துன்பமும் தீரும் என்று எண்ணுவோர் இரண்டு தேசங்களின் கதையைக் கேட்க வேண்டும். சிலி தேசத்துச் சட்டசபை 1971 ஜூலை 11-ஆம் தேதி, கட்சி பேதமின்றி ஏகமனதாக வாக்களித்து, அமெரிக்கக் கம்பெனிகள் வசமிருந்த பெருஞ் சுரங்கங்களை மீட்டது. அந்தச் சுரங்கங்கள் இன்றும் சிலி அரசாங்கத்துக்கு வருமானம் தருகின்றன. ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவும் 1964-இல் சுதந்திரம் பெற்று, 1970 வாக்கில் தன் சுரங்கங்களில் பெரும்பங்கைத் தனதாக்கிக்கொண்டது. ஆனால் 1975-இல் லண்டனில் விலை சரிந்தது. செம்பைத் தவிர வேறு ஏற்றுமதி அதிகமில்லாத தேசம் கடனில் மூழ்கியது. கடைசியில் 1990-களின் இறுதியில் சுரங்கங்களைத் தனியாருக்கே விற்க வேண்டியதாயிற்று. சுரங்கத்துக்கு உடையவனாக இருப்பதும் விலைக்கு உடையவனாக இருப்பதும் ஒன்றல்ல என்பதே இதன் பாடம். செஞ்சி அம்மாளின் தவலைக்கு நேர்ந்ததுதான் ஜாம்பியாவுக்கும் நேர்ந்தது.

நம்மிடம் கல் குறைவு. ஆனால் தேவையோ நாளுக்கு நாள் பெருகுகிறது. மின்சாரம் எங்கே போனாலும் செம்பு முன்னால் போகிறது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பி, கிணற்று மோட்டாரின் காயில், தெருவோர டிரான்ஸ்பார்மர், ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலை, கூரைமேல் வைக்கும் சூரியத் தகடு ஆகிய யாவற்றுக்கும் அது வேண்டும். பெட்ரோல் மோட்டார் காருக்கு இருபது கிலோ சொச்சம் செம்பு போதும். மின்சாரக் காருக்குச் சுமார் எண்பது கிலோ வேண்டும். இந்தியாவில் தலைக்குச் சுமார் அரைக் கிலோ செம்புதான் ஆண்டுக்குச் செலவாகிறது. உலகச் சராசரி மூன்று கிலோவுக்கு மேல். நாம் மற்ற தேசங்களைப் போல் வாழ விரும்பினால் இந்த வித்தியாசம் குறைந்தே தீரும்.

எனவே, கல்லை அயல்நாட்டிலிருந்து வாங்கி, இங்கே உருக்கிக்கொள்ளும் ஏற்பாடு ஏற்பட்டது. இதன் விவரத்தைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. செப்புக் கல்லில் நூற்றுக்கு ஒரு பங்கு செம்பு இருந்தாலே பெரிது. அதைப் பொடியாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு, நூற்றுக்கு இருபத்தைந்து முப்பது பங்கு செம்புள்ள பொடியாகச் சுரங்கத்தருகிலேயே ஆக்கிவிடுகிறார்கள். கப்பலில் வருவது இந்தப் பொடி. இதில் செம்போடு கந்தகமும் ஏறக்குறைய அதே அளவு கலந்திருக்கிறது. ஆர்சனிக் முதலிய நஞ்சுகளும் சிறிதளவு உண்டு. உலையில் போட்டவுடன் கந்தகம் எரிந்து புகையாகிறது. அந்தப் புகையைப் பிடித்துவைத்தால் கந்தக அமிலமாகி உரத் தொழிலுக்கு உதவும். தப்பவிட்டால் மனிதர் மார்பையும் பயிரையும் எரிக்கும். உலையிலிருந்து வரும் செம்பை மின்சாரத்தால் சுத்தி செய்தால் நூற்றுக்குத் 99.99 பங்கு தூய செம்பு கிடைக்கும். அடியில் தங்கும் சேற்றில் சிறிது பொன்னும் வெள்ளியும்கூடக் கிடைக்கும். உலை இருக்கும் தேசத்துக்கு இத்தனை லாபம்; உலையருகில் இருக்கும் ஊருக்கு அந்தப் புகை.

இந்த இடத்தில் தூத்துக்குடியைப் பற்றிப் பேசாமல் நகர்ந்துவிட முடியாது. மராட்டிய மாநிலத்து இரத்தினகிரியில் அமைக்க உத்தேசித்து, அவ்வூர் விவசாயிகளின் எதிர்ப்பினால் கைவிட்ட ஸ்டெர்லைட் உருக்காலை, 1996-இல் தூத்துக்குடியில் உற்பத்தி தொடங்கிற்று. நாளடைவில் ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் செம்பு உருக்கும் சக்தி பெற்றது. அது தேசத்து உருக்கு சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு. உற்பத்தியோடு சேர்ந்து மக்களின் புகாரும் வளர்ந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம், ஆலை சுற்றுப்புறத்தை மாசுபடுத்தியது உண்மை என்று கண்டு, 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லிற்று. ஆயினும் தேசத்தின் செம்புத் தேவையையும், பலருக்குக் கிடைத்த வேலையையும், சர்க்காரின் வருமானத்தையும் எடைபோட்டு, ஆலையை மூடச் சொல்லவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, ஆலையை விஸ்தரிக்கும் முயற்சியை எதிர்த்து மக்கள் நூறு நாள் போராடினார்கள். நூறாவது நாளாகிய 2018 மே 22-ஆம் தேதி அவர்கள் ஜில்லாக் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். அன்றும் அதை அடுத்தும் நடந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28-ஆம் தேதி மாநில சர்க்கார் ஆலையை மூடி முத்திரையிட்டனர். 2020-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. தேசப் பொருளாதாரத்துக்கு ஆலை பயன்பட்டதை மறுக்காமலே, அந்த வட்டாரத்து மக்களின் ஆரோக்கியமே முதன்மையானது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. ஒரே நீதிமன்றம், ஒரே ஆலை. நடுவில் பதினொரு வருஷம். தராசுத் தட்டில் இரண்டாம் முறை வைத்த எடை வேறு.

இதன் விளைவு பொருளாதாரத்தில் உடனே தெரிந்தது. பல வருஷம் சுத்தச் செம்பை வெளிநாட்டுக்கு விற்றுவந்த பாரத தேசம், 2018-19 முதல் விற்பதைவிட அதிகமாக வாங்கும் தேசமாயிற்று. 2024-இல் குஜராத்தின் முந்திராத் துறைமுகத்தருகே ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் சக்தியுள்ள புது உலை ஒன்று வேலை தொடங்கியிருக்கிறது. அதற்கு முன்பே அதே மாநிலத்துத் தகேஜில் அத்தகைய மற்றோர் உலை இருக்கிறது. ஆகவே கேள்வி தூத்துக்குடியோடு முடிந்துவிடவில்லை. உலை எங்கே எரிந்தாலும் அங்கே ஓர் ஊர் இருக்கும். அவ்வூரில் குழந்தைகள் மூச்சு விடுவார்கள்.

“செம்பு வேண்டுமா, மக்கள் வேண்டுமா?” என்று கேட்பது எளிது. மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது சரியான கேள்வியன்று என்பது நம் அபிப்பிராயம். உலையை மூடிவிட்டோம் என்று திருப்தியடைகிற நாம், வேறொரு தேசத்து உலையில் வெந்த செம்பைத்தான் வாங்கி வீட்டுக்குக் கம்பி போடுகிறோம். அந்தப் புகையையும் யாரோ சுவாசிக்கத்தான் செய்கிறார்கள். தேச நன்மையின் பெயரால் ஓர் ஊரைப் பலியிடுவதும் நியாயமில்லை. பிறத்தியார் சுவாசத்தில் நம் விளக்கை ஏற்றிக்கொள்வதும் பெருமையில்லை.

பின் என்னதான் செய்வது? செஞ்சியின் பழைய சினேகிதமான பெஷ்ஷிக்கே மறுபடியும் போவோம். ஜப்பான் நவீன யந்திரத் தொழிலில் இறங்கியபோது செம்பு அதன் கைச்செலவுப் பணமாக இருந்தது. அதற்கு அந்நாட்டார் கொடுத்த விலையும் பெரிது. ஆஷியோ என்ற சுரங்கத்தின் கழிவினால் வதாரசே நதியின் கரையிலிருந்த வயல்கள் பாழாயின. தனகா ஷோசோ என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் பத்து வருஷம் சபையில் முறையிட்டுப் பயன் காணாமல், பதவியைத் துறந்து, 1901 டிசம்பரில் சக்கரவர்த்தியின் வண்டிக்கு முன்னால் ஓடி மனுவை நீட்டினார். அதனால் உடனே விடிவு வரவில்லையானாலும் தேசம் அந்தக் குரலை மறக்கவில்லை.

பெஷ்ஷியிலோ உலைப் புகை நெல்லையும் கோதுமையையும் கருக்கியது. விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கம்பெனியார் உலையைக் கடலின் நடுவே ஆளில்லாத ஷிசாகா தீவுக்கு 1905-இல் மாற்றினார்கள். காற்று அங்கிருந்தும் புகையைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது! பின்னர் 1910-இல் விவசாயிகளுக்கும் கம்பெனிக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நஷ்ட ஈடு கொடுப்பது மட்டுமின்றி, வருஷத்துக்கு இவ்வளவு கல்லுக்குமேல் உருக்கக்கூடாது, பயிர் பழுதாகக்கூடிய பருவத்தில் உலையைக் குறைத்து எரிக்க வேண்டும், அதிலும் சில நாட்கள் அறவே அணைத்துவிட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதிக்கொண்டார்கள். இந்தக் கட்டுப்பாட்டின் கீழ்தான் புகையை அடக்கும் வித்தையைக் கம்பெனியார் தேடத் தொடங்கினர். 1939-இல் புகையிலுள்ள கந்தகத்தை முறிக்கும் ஏற்பாடு முற்றுப்பெற்றது. நெல்லுக்காக உலையை நிறுத்து என்று உழவன் சொல்ல, அதற்குக் கட்டுப்பட்ட பிறகே உலைக்காரனுக்கு விஞ்ஞானம் வசப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த உடன்படிக்கையில் இருந்த முக்கிய அம்சம் ஒன்றுதான்: உலையின் அளவை நிர்ணயிப்பதில் ஊராருக்கும் கை இருந்தது. நம் தேசத்தில் உலைக்கு அனுமதி கொடுக்கும் காகிதங்கள் மலைபோல் இருக்கின்றன. ஆனால் புகைபோக்கியிலிருந்து நேற்று எவ்வளவு கந்தகம் வெளியேறிற்று, ஊர்க் கிணற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை அவ்வூர்க் குடியானவன் படித்துத் தெரிந்துகொள்ளும்படி தமிழிலோ குஜராத்தியிலோ எழுதி ஊர்ச் சாவடியில் ஒட்டுகிற ஏற்பாடு இருக்கிறதா? அளவு மீறினால் உலையை அன்றே அணைக்கும் அதிகாரம் யாரிடத்தில், எத்தனை நாள் தூரத்தில் இருக்கிறது? இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய உலையே தேசத்தின் உலை. மற்றவை யார் பெயரில் இருந்தாலும் அந்நிய உலைகளே.

இரண்டாவதாக, நமக்கு ஒரு சுரங்கம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. செம்புக்கு ஒரு குணம் உண்டு: எத்தனை முறை உருக்கினாலும் அதன் தன்மை குன்றுவதில்லை. உலகம் ஆண்டுதோறும் செலவிடும் செம்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பழையதை உருக்கிப் புதிதாக்கியது. கல்லிலிருந்து எடுப்பதைவிட அதற்கு எரிபொருள் மிகமிகக் குறைவு. கந்தகப் புகையும் கிடையாது. சொந்தக் கல் இல்லாத தேசத்துக்கு இதைவிடப் பெரிய சுரங்கம் எது? ஆனால் இன்று நம் ஊர்ப்புறங்களில் நடப்பது என்ன? பழைய கம்பியின்மேல் உள்ள பிளாஸ்டிக் உறையை நீக்குவதற்காக அதைத் திறந்த வெளியில் கொளுத்துகிறார்கள். அந்த நச்சுப் புகையைச் சுவாசிப்பவர் கூலிக்கு வேலை செய்யும் ஏழைகளும் சிறுவர்களும். எடுப்பவர் யார், விற்பவர் யார் என்று கேட்பாரில்லாததால் திருட்டுக் கம்பியும் நேர்மையான கம்பியும் ஒரே தராசில் ஏறுகின்றன. உறையை யந்திரத்தால் உரிக்கும் சிறு தொழிற்சாலைகளும், பழைய செம்பு வாங்குவோர் ஒவ்வொருவரும் கணக்கு எழுதிவைக்கும் சட்டமும் நடைமுறைக்கு வந்தால், தேசத்துக்குச் செம்பும் மிஞ்சும். மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீரும் மிஞ்சும்.

கதையை நடுவில் விட்டுவிட்டோம். தவலையை நிறுத்தாயிற்று. கடைக்காரர் சிறு செம்பையும் தராசில் வைக்கப் போனார். அம்மாள் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

“அதை வைத்துவிடு, தம்பி. அதில் என் அம்மா பேர் வெட்டியிருக்கிறது.”

வாங்கிப் பார்த்தோம். கழுத்தின் கீழே, புள்ளி புள்ளியாக, எழுத்துத் தேயாமல் இருந்தது அந்தப் பெயர். அந்தக் காலத்தில் மன்னர்கள் நிலத்தையும் நீரையும் தானம் கொடுத்தபோது அதைச் செம்பில்தான் எழுதிவைத்தார்கள். ஓலை செல்லரிக்கும், செம்பில் எழுதிய வாக்கு சந்திர சூரியர் உள்ளவரை நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. செம்பு உருக்கும் உலைக்கு நாம் கொடுக்கும் அனுமதியும் அப்படிப்பட்ட வாக்காக இருக்க வேண்டும். ஊராரின் காற்றுக்கும் தண்ணீருக்கும் பங்கமில்லை என்று எழுதியபின் அதை அழிக்க எவருக்கும் அதிகாரம் இருக்கலாகாது.

அம்மாள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, செம்பைப் பேரன் கையில் கொடுத்து, மின்சாரச் சாமான் கடையை நோக்கி நடந்தார். நாம் மறுபடி ஒரு முறை ராஜகிரியை அண்ணாந்து பார்த்தோம். மலை அங்கேயேதான் இருந்தது. அதைச் சாயங்காலம் வரையில் பார்க்கலாம். அந்தக் கொல்லைக்கு அன்று மாலைக்குள் தண்ணீர் பாய்ந்திருக்க வேண்டுமே என்பதுதான் நம் கவலையாக இருந்தது.